ஹாப்ஸ்பர்க் வாரிசுகளும் உறவுத் திருமணக் கணக்கும்

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில், டீகோ வெலாஸ்கேஸ் 1659-ஆம் ஆண்டில் வரைந்த ஒரு குழந்தையின் ஓவியம் இருக்கிறது. வெளிறிய முகமுள்ள அந்த ஆண் குழந்தை, ஒரு கையைச் சிறு நாற்காலியின் முதுகில் வைத்தபடி நிற்கிறது. நாற்காலியில் ஒரு வெள்ளை நாய்க்குட்டி தலையைச் சாய்த்துப் படுத்திருக்கிறது. குழந்தையின் சிவந்த உடைமேல் கட்டிய வெள்ளைத் துணியில் சிறு மணியும் தாயத்துகளும் தொங்குகின்றன. எல்லாம் கண்ணேறு கழிக்கக் கட்டியவைதாம். மாட்ரிட் அரண்மனையிலும் திருஷ்டிக்குப் பயந்துதான் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள்.

அந்தக் குழந்தை ஸ்பெயினின் பட்டத்து இளவரசன் பெலிபே புரோஸ்பெரோ. நான்கு வயது நிறைவதற்குள், 1661 நவம்பர் 1 அன்று அவன் இறந்தான். ஐந்து நாள் கழித்து அதே தாய்க்கு இன்னோர் ஆண் குழந்தை பிறந்தது. அவன்தான் ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் மரபின் கடைசி மன்னனான இரண்டாம் கார்லோஸ்.

இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், "சொந்தத்திலேயே கல்யாணம் செய்து ரத்தம் கெட்டது, தாடை நீண்டது, வம்சம் அற்றது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் 'ரத்தம் கெட்டது' என்ற சொல்லுக்குப் பின்னால் நடப்பது என்ன என்று யோசிப்பதில்லை. அதனால்தான், பிரிட்டனின் விக்டோரியா அரசியின் சந்ததியில் தோன்றிய, ரத்தம் எளிதில் உறையாத ஹீமோஃபிலியா நோயும் சொந்தத்தில் மணந்ததால் வந்ததே என்று அடுத்த மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. முதல் கூற்று எந்த அளவுக்குச் சரி, இரண்டாவது ஏன் தவறு என்பதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

கல்யாணத்தால் வந்த ராஜ்யம்

ஹாப்ஸ்பர்க் குடும்பத்தின் சொந்த மண் ஆஸ்திரியா. 1496-இல் அக்குடும்பத்து இளைஞர் 'அழகர்' பிலிப், ஸ்பெயின் அரச தம்பதியின் மகள் ஹுவானாவை மணந்தார். பெண்ணின் உடன்பிறந்தார் ஒவ்வொருவராக இறந்துபோக, ஸ்பெயினே அவர்கள் வழிக்கு வந்து சேர்ந்தது. "பிறர் போர் புரியட்டும், பாக்கியம் பெற்ற ஆஸ்திரியாவே, நீ மணம் முடி" என்ற லத்தீன் வாசகம் இக்குடும்பத்தைக் குறித்து வழங்குவதாகும். அத்தம்பதியின் மூத்த மகன் பேரரசர் ஐந்தாம் சார்லஸ், இளைய மகன் பெர்டினாண்டு. 1556-ஆம் ஆண்டை ஒட்டிச் சார்லஸ் பதவி துறந்தபோது ஸ்பெயின் அவருடைய மகன் இரண்டாம் பிலிப்புக்கும், பேரரசர் பட்டம் ஆஸ்திரியாவை ஏற்கெனவே ஆண்டுவந்த தம்பிக்கும் போயின. குடும்பம் இரண்டு கிளையானது.

கல்யாணத்தால் வந்தது கல்யாணத்தாலேயே போய்விடவும் கூடும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். வெளிக்குடும்பத்துக்குக் கொடுத்த பெண்ணின் பேரன் ஒரு நாள் உரிமை கேட்டு வந்து நிற்பான். ஆகவே இரு கிளைகளும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. சமமான அந்தஸ்தும் கத்தோலிக்க சமயமும் வேண்டும் என்ற நிபந்தனை, சீர்திருத்தச் சபைகள் பரவிய ஐரோப்பாவில் வரன்களின் எண்ணிக்கையை இன்னும் சுருக்கியது. திருச்சபை நெருங்கிய உறவில் மணப்பதைத் தடை செய்திருந்தது. ஆனால் போப்பாண்டவர் விலக்கு அளித்தால் மணக்கலாம். அரச குடும்பங்கள் கேட்டால் அந்த விலக்கு பெரும்பாலும் கிடைத்தது. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் தாய்மாமன் – மருமகள் மணத்தைத் தடுக்கப்பட்ட உறவில் சேர்த்துவிட்டு, வழக்காறு இருந்தால் செல்லும் என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

சுவடியும் அதன் படிகளும்

ரத்தம் கெடுவது என்றால் என்ன? ஓலைச்சுவடிப் பதிப்பை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். பழைய நூலொன்றைப் பதிப்பிக்கிறவர் ஒரே சுவடியை நம்புவதில்லை. ஏடெழுதியவர் ஓரிடத்தில் கை தவறியிருப்பார். வேறு ஊரில் கிடைத்த இன்னொரு சுவடியில் அந்த இடம் சரியாக இருக்கும். அந்தச் சுவடியில் வேறோர் இடத்தில் பிழை இருக்கும். அதை முதல் சுவடி திருத்தும். இரண்டுமே பிழையுள்ளவைதாம், ஆனால் பிழைகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால் பாடம் தப்பித்துவிடுகிறது. இரண்டு சுவடிகளும் ஒரே தாய்ச்சுவடியிலிருந்து படியெடுத்தவையாக இருந்தால்? ஒரே இடத்தில் ஒரே பிழை இரண்டிலும் இருக்கும். ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்த வழியே இல்லை.

நம் உடலும் இவ்வாறே ஒவ்வொரு குறிப்பையும் இரண்டு படிகளாக வைத்திருக்கிறது. அந்தக் குறிப்புக்கு மரபணு என்று பெயர். ஒரு படி தந்தையிடமிருந்தும் மற்றொன்று தாயிடமிருந்தும் வருகின்றன. ஒரு படி பழுதாக இருந்தாலும் மற்றது வேலையைச் செய்துவிடும் வகையிலான பழுதை ஒடுங்கு பழுது என்று இக்கட்டுரையில் அழைக்கலாம். நோயே இல்லாத மனிதரிடமும் இத்தகைய பழுதுகள் சில மறைந்து கிடக்கும். அரசர், ஆண்டி என்ற வேறுபாடு இதில் இல்லை. இருவரும் உறவினர் அல்லாதபோது, கணவனிடம் மறைந்துள்ள பழுதும் மனைவியிடம் மறைந்துள்ள பழுதும் ஒரே இடத்தில் அமைவது அரிது. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இறங்கியவர்கள் மணந்தால், அந்தப் பாட்டனின் ஒரே படி இரு வழியாகவும் இறங்கி வந்து ஒரு குழந்தையிடம் சந்திக்கலாம்.

சுருங்கச் சொன்னால், உறவுத் திருமணம் புதிதாக எந்தப் பழுதையும் உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே இருந்து மறைந்து கிடந்ததை இரட்டையாக்கி வெளியே கொண்டுவருகிறது.

ஐந்து முறை பூவா தலையா

அந்தச் சந்திப்புக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை ஓர் எண்ணால் சொல்லலாம். ஒரு குழந்தையின் இரு படிகளும் ஒரே மூதாதையின் ஒரே படியிலிருந்து வந்தவையாக இருப்பதற்கான வாய்ப்புக்கு உட்கலப்புக் கெழு என்று பெயர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பயப்படத் தேவையில்லை, பள்ளிக்கூடப் பின்னம்தான்.

அக்காள் மகளை மணந்தவரின் குழந்தையை எடுத்துக்கொள்வோம். தம்பிக்கும் அக்காளுக்கும் பொதுவான தந்தையிடம் உள்ள ஒரு படி தம்பிக்கு வர வாய்ப்பு பாதி, தம்பியிடமிருந்து குழந்தைக்கு வரப் பாதி. அதே படி அக்காளுக்கு வரப் பாதி, அக்காளிடமிருந்து மகளுக்குப் பாதி, மகளிடமிருந்து குழந்தைக்குப் பாதி. ஐந்து முறை காசைச் சுண்டி ஐந்து முறையும் பூ விழுவது போன்றது இது. வாய்ப்பு 32-இல் ஒன்று. அந்தத் தந்தையிடம் இரண்டு படிகள், தாயிடம் இரண்டு படிகள் என மொத்தம் நான்கு. ஆக, 32-இல் நான்கு, அதாவது எட்டில் ஒன்று அல்லது 0.125. அத்தை மகள், மாமன் மகள் மணத்தில் காசு இன்னும் ஒரு முறை சுண்டப்படுவதால் அது பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. உடன்பிறந்தார் இருவருக்கு ஒரு குழந்தை பிறந்தால் நான்கில் ஒன்று, அதாவது 0.25.

தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகத் தாய்மாமனுக்கும் முறைமாமனுக்கும் பெண் கொடுத்துவருகிறார்கள், பிள்ளைகள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த எண்ணிலேயே விடை உண்டு. எட்டில் ஒன்று என்பது பெரும்பாலான குறிப்புகள் வெவ்வேறாகவே இருக்கின்றன என்பதையும் குறிக்கிறது. பிறவிக் குறைபாடு பொதுவாக நூறு குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு வருகிறதென்றால், அத்தை மாமன் பிள்ளைகள் மணக்கும்போது அது ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. பெரும்பாலோர் தப்பித்துவிடுகிறார்கள், தப்பாத வீட்டுக்கு அந்தச் சமாதானம் பயன்படாது.

கார்லோஸின் வீட்டு உறவுமுறை

ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக் கொடிவழி ஆங்கிலத்தில் படிக்கத் தலை சுற்றும். அங்கே அத்தை மகன், மாமன் மகள், சித்தப்பா மகன் எல்லோரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவார்கள். தமிழில் உறவுக்கு உறவு தனிச்சொல் இருப்பதால் கொடி சற்றுத் தெளிவாகவே தெரியும்.

கார்லோஸின் தந்தை நான்காம் பிலிப், தாய் மரியானா. மரியானா, பிலிப்பின் தங்கை மகள். இந்த மணத்துக்குப் பின்னால் ஒரு சோகமும் உண்டு. மரியானாவை நிச்சயம் செய்திருந்தது பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்குத்தான். அவன் 1646-இல் பதினாறு வயதில் இறந்துவிட்டான். வாரிசு வேண்டும் என்ற கட்டாயத்தில், மகனுக்குப் பேசிய பெண்ணை 1649-இல் தந்தையே மணந்தார். மணமகனுக்கு வயது 44, மணமகளுக்கு 14.

இது மட்டும் என்றால் கார்லோஸின் எண் 0.125-ஓடு நின்றிருக்கும். ஆனால் மரியானாவின் பெற்றோரைப் பாருங்கள்: தந்தை மூன்றாம் பெர்டினாண்டு மணந்தது சொந்த அத்தை மகளை. பெர்டினாண்டின் பெற்றோர்? அவர்களில் கணவர் மணந்தது தாய்மாமன் மகளை. அந்தக் கணவரின் பெற்றோர்? அங்கே மணமகள் அக்காள் மகள். பிலிப்பின் பக்கம் போனால், அவருடைய தாய் மார்கரெட்டும் அதே அக்காள் மகள் மணத்தில் பிறந்தவர்தான். நான்காம் பிலிப்பின் தந்தை மூன்றாம் பிலிப்போ, இரண்டாம் பிலிப் தம் தங்கை மகள் அன்னாவை 1570-இல் மணந்ததால் பிறந்தவர்.

அன்னாவைப் பற்றி ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். தாய் வழியில் அவர் இரண்டாம் பிலிப்புக்குத் தங்கை மகள். தந்தை வழியில் பார்த்தால், அன்னாவின் தந்தை பிலிப்பின் சித்தப்பா மகன். அதாவது தம்பி முறை. தம்பியின் மகள் நம் வழக்கில் மகள் முறை. தமிழ்க் குடும்பத்தில் இந்தச் சம்பந்தத்தைப் பேசவே வாய் கூசியிருக்கும். ஆனால் மரபணுவுக்கு முறை தெரியாது. அத்தை மகளுக்கும் சித்தப்பா மகளுக்கும் அதன் கணக்கில் ஒரே பின்னம்தான். முறை உள்ள உறவில் மணந்தால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை, வழக்காற்றின் எல்லையை உயிரியலின் எல்லையாக எடுத்துக்கொள்வதால் வருவது.

ஸ்பானிய ஆய்வாளர்கள் பதினாறு தலைமுறை வரை பின்னோக்கிச் சென்று இக்குடும்பத்தின் கெழுவைக் கணக்கிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். மரபைத் தொடங்கி வைத்த அழகர் பிலிப்புக்கு 0.025, கடைசி மன்னர் கார்லோஸுக்கு 0.254. உடன்பிறந்தார் இருவருக்குப் பிறந்த குழந்தையின் எண்ணைவிடச் சற்றே கூடுதல். எட்டில் ஒன்றின்மேல் பழைய மணங்கள் ஒவ்வொன்றும் ஒரு கையளவு போட்டதால் வந்த மீதி அது.

எண் ஏறும், இறங்கும்

இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் நீக்கிவிடலாம். பாத்திரத்தில் கறை படிவதுபோலத் தலைமுறைக்குத் தலைமுறை ரத்தத்தில் கேடு சேர்ந்துகொண்டே போனது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆய்வின் எண்களே இதை மறுக்கின்றன: மூன்றாம் பிலிப்புக்கு 0.218, அவருடைய மகன் நான்காம் பிலிப்புக்கு 0.115. தந்தையைவிட மகனுக்குக் குறைவு. ஒரு குழந்தையின் கெழுவைத் தீர்மானிப்பது அதன் பெற்றோர் எப்படிப் பிறந்தார்கள் என்பதன்று. அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருங்கியவர்கள் என்பதே. கார்லோஸே முற்றிலும் அயலான ஒரு பெண்ணிடம் பிள்ளை பெற்றிருந்தால் அப்பிள்ளையின் எண் பூச்சியமாகியிருக்கும். ஆகவே கேடு திரும்ப முடியாத ஒன்றாக இருக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியே போக வழி இருந்தது. அரசியல் காரணத்துக்காக அந்த வழியை மூடிவைத்தார்கள்.

விளைவு தொட்டிலில் தெரிந்தது. 1527-க்கும் 1661-க்கும் இடையே ஸ்பெயின் அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள்ளும், 17 பேர் பத்து வயதுக்குள்ளும் இறந்தார்கள் என்று அதே ஆய்வு கூறுகிறது. அக்காலத்தில் எல்லா வீட்டிலும் குழந்தைகள் இறந்தன என்பது உண்மைதான். ஆனால் ஸ்பெயினின் கிராமங்களில் அன்று ஒரு வயதுக்குள் இறந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. நல்ல உணவும் மருத்துவரும் தாதியரும் சூழ்ந்த அரண்மனையில் அதைவிடக் குறைவாக இருந்திருக்க வேண்டும், அதிகமாக இருந்தது. மரியானா பெற்ற ஐந்து பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்தவர்கள் கார்லோஸும் அவருடைய அக்காள் மார்கரீட்டா தெரசாவும் மட்டுமே.

தாடையைப் பற்றிய பேச்சு

இக்குடும்பத்தின் அடையாளமாகிவிட்ட நீண்ட கீழ்த்தாடையை மட்டும் உறவுத் திருமணத்தின் முத்திரையாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். கிளைகள் தமக்குள் பெண் எடுக்கத் தொடங்குமுன்பே, அழகர் பிலிப்பின் தந்தை முதலாம் மாக்சிமிலியன் படங்களில் அந்தத் தாடை தெரிகிறது. ஐந்தாம் சார்லஸுக்கும் இருந்தது. அவருடைய பெற்றோர் நெருங்கிய உறவினர் அல்லர். கெழு ஏற ஏறத் தாடையின் நீட்சியும் கூடியதாக ஓவியங்களை அளந்து செய்த பிற்கால ஆய்வொன்று சொல்கிறது. அப்படியானால் உறவுத் திருமணம் தாடையைத் தந்தது என்பதைவிட, இருந்த தாடையை அழுத்தமாக்கியது என்பதே பொருத்தம்.

கார்லோஸ் என்ற மனிதர்

கார்லோஸுக்கு நான்கு வயது நிறையுமுன்பே தந்தை இறக்க, அரியணை வந்தது. பேச்சும் நடையும் மிகத் தாமதம். வாழ்நாள் முழுவதும் நோய். இரு முறை மணந்தும் பிள்ளை இல்லை. அவரைச் 'செய்வினைக்கு ஆளானவர்' என்றே நாடு அழைத்தது. கடைசி ஆண்டுகளில் பேயோட்டும் சடங்குகளும் நடந்தன. பிட்யூட்டரிச் சுரப்பியின் குறைபாடும் சிறுநீரகக் குறைபாடும் சேர்ந்திருக்கலாம் என்பது 2009 ஆய்வாளர்களின் ஊகம். இரண்டும் ஒடுங்கு பழுதால் வரக்கூடியவை. ஊகமாகவே அதைக் கொள்ள வேண்டும்.

அவரை முட்டாளாகச் சித்திரிக்கும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று. அவர் எப்போது சாவார் என்று காத்திருந்த அயல்நாட்டுத் தூதர்களின் கடிதங்கள்தாம் அந்தச் சித்திரத்துக்குப் பெரிதும் ஆதாரம். 1700 அக்டோபரில், படுக்கையில் கிடந்தபடி, ராஜ்யத்தைப் பங்குபோட மற்ற அரசர்கள் செய்த ஒப்பந்தங்களைப் புறந்தள்ளி, முழு ராஜ்யத்தையும் ஒருவருக்கே கொடுத்து உயிலில் ஒப்பமிட்டார். அந்த ஒருவர், தம் தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்து, பிரான்சின் பதினான்காம் லூயிக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட அக்காள் மரியா தெரசாவின் பேரன் பிலிப். வெளியே கொடுத்த பெண்ணின் பேரன் உரிமை கேட்டு வருவான் என்ற இரு நூற்றாண்டுப் பயம் பலித்தது. நவம்பர் 1 அன்று, 39-ஆம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்பு, கார்லோஸ் இறந்தார். உயிலை ஏற்காதவர்கள் 1701 முதல் 1714 வரை ஐரோப்பா முழுவதும் போரிட்டார்கள். கடைசியில் பிரெஞ்சு பூர்போன் குடும்பமே ஸ்பெயினில் நிலைத்தது.

இதுவரை சொன்னதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: ஒடுங்கு பழுது வெளிப்பட இரு பக்கத்துப் படியும் பழுதாக வேண்டும், உறவுத் திருமணம் அதற்குத்தான் துணை போகிறது.

அதே அரியணை, எதிர்மாறான நோய்

ஹீமோஃபிலியா வேறு வகை. ரத்தம் உறையத் தேவையான குறிப்பு, எக்ஸ் நிறப்புரியில் இருக்கிறது. நிறப்புரி என்பது மரபணுக்கள் வரிசையாக அமைந்த கட்டு. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஆணுக்கு ஒன்றுதான், அதையும் தாய்தான் தருகிறாள். தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது ஒய். ஆகவே தாயிடம் இரண்டில் ஒரு படி பழுதானால் அவள் நோயின்றி இருப்பாள். அந்தப் படி மகனுக்குப் போனால், திருத்திக்கொள்ள அவனிடம் மறு சுவடி இல்லை. இப்படி நோயின்றிப் பழுதைச் சுமக்கும் தாயைக் கடத்தி என்பார்கள். கணவன் தாய்மாமன் மகனா, கடல் கடந்து வந்த அயலானா என்பது இதில் ஒரு பொருட்டே அன்று.

விக்டோரியா அரசி தம் தாய்மாமன் மகன் ஆல்பர்ட்டை மணந்தவர் என்பதால்தான் குழப்பம் வருகிறது. அவருக்கு முந்திய தலைமுறையில் இந்நோய்க்குத் தடயம் இல்லாததால், பழுது புதிதாகத் தோன்றியது என்றே கருதுகிறார்கள். ஆல்பர்ட்டுக்குப் பதில் யாரை மணந்திருந்தாலும் அவருடைய மகன் லியோபோல்டுக்கு அது போயிருக்கக்கூடும். மகள் ஆலிஸ் வழியாக அது ரஷ்ய இளவரசன் அலெக்ஸியை அடைந்தது. 1918-இல் கொல்லப்பட்ட அக்குடும்பத்தின் எலும்புகளை ஆராய்ந்து, அது ஹீமோஃபிலியாவின் பி வகை என்று 2009-இல் உறுதி செய்தார்கள்.

இன்னொரு மகள் பியாட்ரிஸ் வழியாக அது போய்ச் சேர்ந்த இடம் ஸ்பெயின். பதின்மூன்றாம் அல்போன்சோ 1906-இல் பியாட்ரிஸின் மகள் விக்டோரியா யூஜினியை மணந்தார். ஹாப்ஸ்பர்க் முன்னோர் உள்ளே மணந்து வாரிசுகளை இழந்த அரண்மனைக்கு, வெளியிலிருந்து வந்த மணப்பெண் வழியாக நோய் வந்தது. மூத்த மகன் அல்போன்சோவுக்கும் கடைசி மகன் கொன்சாலோவுக்கும் ஹீமோஃபிலியா. கொன்சாலோ 1934-இல் ஆஸ்திரியாவிலும், அல்போன்சோ 1938-இல் மயாமியிலும் கார் விபத்துக்குப் பின் ரத்தம் நிற்காமல் இறந்தார்கள்.

நடுவில் பிறந்த ஹுவானுக்கு நோய் இல்லை. ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸ் என்பதால், நோய் இல்லையென்றால் பழுதான படியும் இல்லை. பிள்ளைகளுக்குக் கொடுக்க அவரிடம் அது கிடையாது. 1968-இல் அவருடைய பேரனுக்கு மாட்ரிட்டில் ஞானஸ்நானம் நடந்தபோது, 1931-இல் நாட்டை விட்டுப் போன விக்டோரியா யூஜினி முதன்முறையாகத் திரும்பி வந்து ஞானத்தாயாக நின்றார். அந்தக் குழந்தைதான் இன்றைய ஸ்பெயின் மன்னர் ஆறாம் பெலிபே.